பதினாலாம் நம்பர்

நீலக் கோட்டு ஒன்றுதான் கொடுத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும் அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் பயிற்சிக்குப் போய்வந்தோம். ஒரு நாள் நான், இன்னொரு நாள் அவள். அவள் என்னைவிட உயரம், கையும் நீளம். அவள் போட்டால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். நான் போட்டால் கையை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டும். இதில் தப்பு இருக்கிறது என்று எங்களுக்குக் கடைசி நாள்வரை தோன்றவே இல்லை. இப்போது சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்திருந்தால் அவர்களும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நல்ல இறால் விழுகிற இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். வலை வைத்திருக்கிற வீடுகளோ நிறைய. அதனால் எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அந்த முறையைப் பாடு என்போம். பாடு ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்கு. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய சித்தப்பா மகன் போய் வலை கட்டுவார். யார் போனது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு எந்த வீட்டுப் பாடு என்றுதான் கேட்பார்கள்.

அதிலும் ஆம்பளை இருக்கிற வீட்டுக்குத்தான் பாடு. அண்ணியின் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தபோது அவர் வீட்டுப் பாடும் அவரோடு போயிற்று. வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காரியம் முடிந்ததும் ஒரே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இங்கே அவளுக்கு யாரும் குறை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அக்காவை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் குழம்பில் அவள் எடுப்பது வால் துண்டுதான். மகளின் பள்ளிக்கூடச் செருப்பு அறுந்தால் தம்பியிடம் சொல்ல மாட்டாள். வலை தைக்கிற நூலால் தானே தைத்துப் போடுவாள். கேட்டால் இன்னும் தாங்கும் என்பாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தம்பி சோற்றில் இல்லாமல், தன் கை வேலையில் அவளும் மகளும் சாப்பிட வேண்டும்.

அப்போதுதான் பொன்னேரியில் இருக்கிற பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் படகேறி எங்கள் ஊருக்கு வந்தார்கள். கோயில் முன்னால் பெண்களை உட்காரவைத்துப் பேசினார்கள். ஆண்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த தொழிலையெல்லாம் இனி பெண்களும் படிக்கலாம், அரசாங்கம் எல்லோருக்கும் சமமாகத் திறந்துவிட்டிருக்கிறது என்றார்கள். ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலையில் பழகுநராகச் சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. முடித்தால் பொன்னேரி ரோட்டில் இருக்கிற இறால் கம்பெனியின் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுப்பார்கள். வீட்டு வேலை, பிள்ளை வேலை இருக்கிற பெண்களுக்கு நேரத்தில் நெகிழ்வு உண்டு என்றும் சொன்னார்கள். உங்களுக்குத் தோதான நாளை மாற்றிக்கொள்ளலாம், மொத்த நாள் சரியாக வந்தால் போதும்.

எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தையல் கிளாஸ் இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. மெக்கானிக் என்றால் நிஜமாகவே நெருப்பு வைத்துப் பைப்பை ஒட்ட வேண்டுமா என்று விசாரித்தாள். ஆமாம் என்றதும், அப்படியானால் சரி என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

சரியாகவில்லை. பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அண்ணி எட்டாவதோடு நின்றவள். வயதும் தாண்டிவிட்டது. வந்த பெண்கள் மெய்யாகவே வருத்தப்பட்டார்கள், விதி அப்படி என்றார்கள். எல்லோருக்கும் சமம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. ஊர்க் கணக்கில் அவள் வீட்டில் ஆம்பளை இல்லை. சர்க்கார் கணக்கில் அவளிடம் படிப்பு இல்லை. இரண்டு கணக்கையும் போட்டவர்கள் நல்லவர்கள்தான். இரண்டிலும் சேராமல் போனது அவள் ஒருத்தி.

எனக்குப் பத்தாவதும் இருந்தது, வயதும் இருந்தது. ஆசைதான் இல்லை. ஃபிரிட்ஜைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் திறந்து தண்ணீர் பாட்டில் எடுப்பதுதான். அதோடு மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். வீட்டில் எப்போதும் ஒரு பெண் இருந்தாக வேண்டும். எங்கள் பாடு வருகிற நாளில் கரையில் நின்று இறாலை வாங்கித் தரம் பிரிக்கவும் ஒரு கை வேண்டும். தினமும் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய், அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாக பஸ் பிடித்துப் போய்வருவது என்னால் ஆகிற காரியமில்லை என்று சொன்னேன்.

அண்ணி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "சீட்டு ஒம் பேர்ல வரட்டும். எடம் நம்ம வூட்டுதுதான? ஒரு நாளு நீ போ, ஒரு நாளு நான் போறேன்" என்றாள்.

கேட்டதும் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. படுக்கையிலிருந்த மாமனார்கூட நல்ல ரோசனை என்றார். நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆளை மாற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாக இருந்தது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை.

சொல்லிக்கொடுக்கிறவர் அனுப்பம்பட்டுக்காரர், சின்ன வயது, சிரித்த முகம். முதல் நாள் நான் போனபோதே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, யாராவது ஒருத்தர் தவறாமல் வந்தால் சரி என்றார். வருகைப் பதிவில் அவர் பெயர் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். நாங்கள் பதினாலு. பதினாலு என்றால் அன்றைக்கு வந்தவள் எழுந்து நிற்பாள்.

கொஞ்ச நாளில் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. கரும்பலகைப் பாடம் எனக்கு, கை வேலை அவளுக்கு. நாளைக்கு வெல்டிங் இருக்கிறது, அண்ணியை அனுப்பு என்று வாத்தியாரே சொல்லிவிடுவார். சாயங்காலம் இறால் தரம் பிரித்துக்கொண்டே அன்றன்றைக்குப் படித்ததை ஒருத்திக்கொருத்தி ஒப்பிப்போம். நான் அழுத்தம், கொதிநிலை என்று அளப்பேன். அவள் கேட்டுக்கொண்டு, சோத்துப் பானையில மூடி போட்டா ஆவுறதுதான என்பாள். அவள் முறை வந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஒட்டவைக்கிற கம்பியை நெருப்பில் காட்டக்கூடாதாம். பைப்பின் சூட்டிலேயே அது உருக வேண்டுமாம். உருகினால் இடுக்கு முழுக்கத் தானே ஓடி நிறைந்துகொள்ளுமாம். அதைச் சொல்லும்போது ஈரக் கையைக் காற்றில் வளைத்துக் காட்டுவாள். புருஷன் போனதற்குப் பிறகு அவள் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்தது அப்போதுதான். மகள்கூட ஒரு நாள், அம்மா வெல்டிங் நாளில் மட்டும் பாட்டு பாடுது என்று போட்டுக்கொடுத்தாள்.

பாதியில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. எங்களுக்கு அது பெரிய வம்பாகிவிட்டது. இறால் முள்ளும் ஐஸும் சேர்ந்து எங்கள் ஊர்ப் பெண்களின் விரல் ரேகையைத் தேய்த்துவிடும். நான் எந்த விரலை வைத்தாலும் மெஷின் சிவப்பாக முழித்தது. கடைசியில் ஒரு சுண்டுவிரல் ஒத்துக்கொண்டது. ஆபீஸில் இருந்த பையன், ஒரு நம்பருக்கு இரண்டு விரல் பதியலாம், ஒன்று ஏறாவிட்டால் இன்னொன்று ஏறும் என்றான். என்னிடம் ஏறுகிற விரல் வேறு இல்லை. மறுநாள் அண்ணியின் கட்டைவிரலைப் பதிந்துகொண்டோம். பதினாலாம் நம்பருக்கு ஒரு விரல் என்னுடையது, ஒரு விரல் அவளுடையது. அந்தப் பையனுக்கும் தெரியும். அவனும் சிரித்தான்.

பரீட்சை நாள் வந்தது. எங்கள் புத்தி பாருங்கள், இரண்டு பேருமே கிளம்பிப் போனோம். எழுத்துப் பரீட்சையை நான் எழுதுவது, செய்முறையை அவள் செய்வது என்று பேசி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரியை மாமனாருக்குத் துணை வைத்துவிட்டு, தலை பின்னி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போலப் படகில் உட்கார்ந்திருந்தோம். கோட்டை அண்ணிதான் போட்டிருந்தாள், நான் பரீட்சை எழுத அது வேண்டியதில்லை என்பதால்.

சென்னையிலிருந்து பரீட்சை நடத்த ஒரு அம்மா வந்திருந்தார். பதினாலு என்று கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்தோம். உங்களில் பதினாலாம் நம்பர் யார் என்று கேட்டார். ரெண்டு பேரும்தாங்க என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வாத்தியார் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அந்த அம்மா எங்களைத் தனியாகக் கூட்டிப்போனார். அதட்டவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஊர்ப் பாடு முறையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகவே கேட்டுக்கொண்டார். பாடு வீட்டுக்குத்தானா, ஆளுக்கு இல்லையா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர், நான் ரிப்போர்ட்டில் எழுதினால் போலீஸ் வரைக்கும் போகும், உங்கள் வாத்தியாருக்கு வேலை போகும் என்றார். ஆள்மாறாட்டமாம். சீட்டிங் பண்ணுகிறவர்களைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது. நாங்கள் மெஷினில் விரல் வைத்ததுகூட எல்லோரும் பார்க்கத்தான்.

அவர் எழுதவில்லை. பெயர் உள்ளவர் மட்டும் உள்ளே வரட்டும், இன்னொருவர் வந்ததை நான் பார்க்கவில்லை என்றார். அவரால் முடிந்த உபகாரம் அது. இன்றுவரைக்கும் எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணி கோட்டைக் கழற்றினாள். எனக்குப் போட்டுவிட்டு, கையை அவளே மடித்துவிட்டாள். "கம்பிய நெருப்புல காட்டாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

எழுத்துப் பரீட்சையை நன்றாகத்தான் எழுதினேன். செய்முறைக்கு இரண்டு பைப்பை ஒட்டிக் காற்று அடைத்துக் காட்ட வேண்டும். கம்பியை நெருப்பில்தான் காட்டினேன். அது உருண்டை உருண்டையாகக் கீழே விழுந்தது. எப்படியோ ஒட்டவைத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் சுற்றிலும் குமிழி வந்தது, அத்தனையும் கசிவு. வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா குமிழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாப்பையும் பார்த்தார். வேலையில் கற்றுக்கொள்வீர்கள் என்று சொல்லிப் பாஸ் போட்டுவிட்டார்.

சான்றிதழ் வந்தது. அது வரும்வரைகூட எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிட்டது, வேலைக்கு அண்ணி போகட்டும் என்றுதான் நினைத்தோம். நானும் அவளும் கம்பெனிக்குப் போய் மேனேஜரிடம் சொன்னோம். பைப் வேலை தெரிந்தவள் இவள்தான், வேண்டுமானால் இப்போதே செய்து பாருங்கள் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்துக்கூட வருகிறோம், ஒரு சம்பளம் போதும் என்றும் கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "இன்ஷூரன்ஸ் பேப்பர்ல யார் பேரு இருக்கோ அவங்கதாம்மா மெஷின் ரூமுக்குள்ள போகலாம். எனக்குத் தெரியாதவங்க கை வெச்சு எதாவது ஆச்சுன்னா நான் உள்ள போகணும்."

வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டேன். அண்ணிதான் என்னைத் திட்டி அனுப்பினாள். வந்ததை விடுவதற்கு நாம் என்ன ஜமீன்தாரா என்றாள். மாமனார் மருந்துக்கு ஆகும், பிள்ளைகளுக்கு ஆகும் என்றாள். எல்லாம் நிஜம்தான். போனேன்.

அவளும் அதே கம்பெனிக்குத்தான் வந்தாள். இறால் உரிக்கிற கொட்டகைக்கு. அங்கே படிப்புக் கேட்க மாட்டார்கள், வயதும் கேட்க மாட்டார்கள். எந்த நாளும் வரலாம், எந்த நாளும் நிற்கலாம், ஒருத்தி வராவிட்டால் அவள் இடத்தில் இன்னொருத்தி உட்காரலாம். உரித்த எடைக்குக் காசு. பயிற்சிக்கு வந்த பெண்கள் கோயில் முன்னால் சொன்ன நெகிழ்வு முழுக்க அந்தக் கொட்டகையில்தான் இருந்தது. காலையில் ஒரே படகில் வருவோம், ஒரே பஸ்ஸில் இறங்குவோம். கேட்டைத் தாண்டியதும் நான் இடது பக்கம் மெஷின் ரூமுக்கு, அவள் வலது பக்கம் கொட்டகைக்கு. மாமனாரைப் பார்த்துக்கொள்ள அவள் மகள் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றுகொண்டாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆரம்பத்தில் அவள்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தாள். படகில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். இப்படிப் பாரு, அப்படிப் பாரு என்பாள். மறுநாள் அப்படியே செய்வேன். கம்பெனியில் எனக்கு நல்ல பெயர் வந்தது. எல்லோரும் மேடம் என்றார்கள். எனக்கு அது தொண்டையில் முள்ளாக இருந்தது, ஆனால் அண்ணி பழையபடி ஏய் என்றும் வாடி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை சமாளித்துக்கொண்டேன். வரவர அவள் சொல்வது குறைந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து ஐஸ் தண்ணீரில் கை விட்டுக்கொண்டிருப்பவளுக்குக் களைப்பு இருக்காதா?

ஒரு நாள் பெரிய குளிர் அறையில் சூடு ஏறிக்கொண்டே போனது. உள்ளே ஏற்றுமதிக்கான சரக்கு. நான் ஒட்டின இடத்தில்தான் கேஸ் கசிந்தது. திரும்ப ஒட்டினேன், திரும்பக் கசிந்தது. சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனேன். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் அண்ணி கடைசியில் இருந்தாள். அவள் பக்கத்தில் குந்தி, வளைவில் ஒட்டினால் நிற்கவே இல்லை, என்ன செய்வது என்று காதோடு கேட்டேன். சூப்பர்வைசரும் என் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார்.

அண்ணியின் கை நிற்கவில்லை. ஒரு இறாலை உரித்துப் போட்டாள், அடுத்ததை எடுத்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு இன்னா மேடம் தெரியும்? நான் உரிக்கிறவ" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவளோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். மற்றப் பெண்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன். சென்னையிலிருந்து ஆளை வரவழைத்துச் சரிபண்ணினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

சாயங்காலம் படகில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் இருந்ததால்தானே அப்படிச் சொன்னாய், என் வேலை போய்விடக்கூடாது என்றுதானே என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. அவள் ஐஸில் வெந்துபோன விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"இல்லடி. அதெல்லாம் நெஞ்சுல வெச்சிகினு என்னால அங்க உக்காந்து உரிக்க முடியல. மறந்துட்டேன். நீ இனிமே கேக்காத."

நான் கேட்பதில்லை.